செய்யச் சொல்லும் மொழி: அடுக்கெஃகுப் பகடை ஒன்றை முன்வைத்து



ஒரு மொழியின் வளத்தை அளப்பதற்கு நாம் பெரும்பாலும் இலக்கியத்தையே அளவுகோலாகக் கொள்கிறோம். இன்று வேறோர் அளவுகோலை முன்வைக்க விரும்புகிறோம். நாம் நேரில் கண்டிராத ஒரு கைவினைஞர், நாம் எழுதி அனுப்பும் சொற்களை மட்டுமே துணையாகக் கொண்டு, நாம் விரும்பிய பொருளைப் பிழையின்றிச் செய்து தர இயலுமா? இயலுமாயின் அம்மொழி தொழிற்களத்தில் உயிரோடு இருக்கிறது எனலாம்.

இவ்வளவுகோலைச் சிறியதொரு பொருளின்மேல் வைத்துப் பார்ப்போம். கோலம் படிந்த எஃகினால் ஆகிய பகடையே அப்பொருள். பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளில் ஈடுபாடு உடையோர் சிலர், இத்தகைய பகடைகளை இன்று கொல்லர்களிடம் தனியே சொல்லிச் செய்வித்துக்கொள்கின்றனர். அதனைத் தமிழில் எவ்வாறு செய்யச் சொல்வது?

முதலில் உலோகத்தைக் காண்போம். 'டமாஸ்கஸ் எஃகு' என்னும் ஒரே வணிகப் பெயர் இன்று இருவேறு பொருள்களைக் குறிக்கிறது. முதலாவது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பண்டு செய்யப்பட்டது. இரும்பைக் கரிப்பொருளோடு மூசையில் இட்டு மூடி, உலையில் நெடுநேரம் காய்ச்சி உருக்குவர். அதனால் கிடைக்கும் கட்டியில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இருக்கும். அதை மிதமான சூட்டில் பலமுறை அடித்து நீட்டும்போது, உலோகத்தின் உள்ளமைப்பிலிருந்தே வரிகள் தோன்றும். இந்த எஃகை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டபோது, அதனை 'வூட்ஸ்' என்று குறித்தார். எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் திரிபே இது என்பது பரவலான கருத்து. தமிழின் 'உருக்கு' அதற்கு உறவான சொல்.

இரண்டாவது, உருக்கப்படுவதே இல்லை. கரிமம் மிகுந்த எஃகுத் தகட்டையும் நிக்கல் கலந்த எஃகுத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒட்டுவர். பின்பு நீட்டி, மடித்து, மீண்டும் அடிப்பர். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இருமடங்காகும். ஏழு தகடுகளில் தொடங்கினால் ஐந்தாம் மடிப்பில் 224 அடுக்குகள். இறுதியில் பெர்ரிக் குளோரைடு கரைசலில் அமிழ்த்தினால், நிக்கல் உள்ள அடுக்கு வெண்மையாக நிற்கும்; மற்றையது கருக்கும். நம் வட்டாரத்துக் கிரிஸ் கத்தியின் அலகில் காணும் கோலமும் இவ்வாறு வெவ்வேறு உலோகங்களை அடுக்கி அடிப்பதால் உண்டாவதே. அக்கோலத்தை மலாயர் 'பாமோர்' என்பர். கலத்தல் என்னும் பொருளுடைய சாவக வேரிலிருந்து பிறந்த சொல் அது. செய்முறையே பெயராகியிருக்கிறது.

தமிழிலும் இதற்கு இடமுண்டு. 'எஃகு' என்னும் சொல் திருக்குறளில் கூரிய படைக்கலத்தைக் குறிக்கிறது. 'உருக்கு' உருக்குதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஒன்று பயனைச் சொல்கிறது, மற்றொன்று செய்முறையைச் சொல்கிறது. ஆகவே மூசையில் உருக்கி எடுத்ததை 'வரியுருக்கு' என்றும், தகடுகளை அடுக்கி அடித்ததை 'அடுக்கெஃகு' என்றும் வேறுபடுத்தலாம் என்பது நம் முன்மொழிவு. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. மூசையில் உருக்கிய எஃகை இன்று செய்வோர் மிகச் சிலரே. 'டமாஸ்கஸ்' என்று மட்டும் எழுதினால், விரும்பியது ஒன்றும் கைக்கு வருவது வேறொன்றுமாக முடியக்கூடும்.

அடுத்து, பகடை. 'தாயக்கட்டை' என்று எழுதினால், பட்டறையிலிருந்து நான்கு பக்கம் கொண்ட நீண்ட கட்டைகள் இரண்டு வந்து சேரும். நமக்கு வேண்டியது ஆறு முகக் கனசதுரம். அதற்குப் 'பகடை' பொருந்தும். பழைய சொல் 'கவறு'. அது திருக்குறளின் சூது அதிகாரத்தில் உள்ளது. சூதாடும் இடத்திற்கு அவ்வதிகாரம் வழங்கும் பெயர் 'கழகம்'. இன்று அச்சொல் நம் மன்றங்களின் பெயர்ப்பலகைகளில் மதிப்போடு விளங்குகிறது. சொற்கள் இவ்வாறு இடம் பெயரும். ஆதலால், செய்யச் சொல்பவர் அகராதியோடு நில்லாது, தம் காலத்து வழக்கையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர்கள் அமைந்த பின் அளவுகள். பக்கம் 16 மில்லிமீட்டர் உடைய எஃகுப் பகடை ஏறத்தாழ 32 கிராம் எடை இருக்கும். அதே அளவு நெகிழிப் பகடை 5 கிராம் அளவே. மேசைப் பலகைக்குத் தழும்பு நேராதிருக்க, விளிம்புகளை மழுக்கச் சொல்ல வேண்டும். எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை ஏழு என்பது வழக்கமான விதி. அவ்விதி மட்டும் போதுமா? போதாது. அவ்விதிக்குப் பொருந்தும் பகடைகள் இரண்டு உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய முகங்கள் கூடும் மூலையை நேர்நோக்கினால், அவ்வெண்கள் ஒன்றில் வலஞ்சுழியாகவும் மற்றொன்றில் இடஞ்சுழியாகவும் வரும். 'வலஞ்சுழி', 'இடஞ்சுழி' என்னும் இரு சொற்கள் நம்மிடம் இருப்பதால், படம் வரையாமலே இக்குழப்பத்தைத் தீர்க்க முடிகிறது.

புள்ளிகளைக் குழியாகத் தோண்டினால் மற்றொரு சிக்கல் எழும். ஆறாம் முகம் மிகுதியான உலோகத்தை இழக்கும். எதிரே உள்ள ஒன்றாம் முகம் கனத்துக் கீழே அமர முனையும். எல்லா முகங்களிலும் தோண்டப்படும் மொத்த அளவு ஒன்றாக இருந்தால் இச்சாய்வு நீங்கும். அதற்கு ஒன்றாம் முகத்தின் ஒற்றைக் குழி பெரிதாக அமைய வேண்டும்.

இவற்றையெல்லாம் கோத்து ஒரு பணிக்குறிப்பு எழுதினால் இவ்வாறு அமையும்:

"அடுக்கெஃகினால் ஆறு முகப் பகடை இரண்டு செய்து தர வேண்டுகிறோம். பக்கம் 16 மில்லிமீட்டர். விளிம்பும் மூலையும் சற்றே மழுங்கியிருத்தல் வேண்டும். எதிர்முகங்களின் கூட்டுத்தொகை ஏழு. ஒன்று, இரண்டு, மூன்று இடஞ்சுழியாக வருக. புள்ளிகள் குழிகளாக அமைக. முகந்தோறும் தோண்டும் மொத்த அளவு ஒன்றாக இருக்க. குழி தோண்டி, தோய்ச்சல் கொடுத்து, மெருகேற்றிய பின்னரே கரைசலில் அமிழ்த்துக. துருப்பிடியாதிருக்க எண்ணெய் பூசி அனுப்புக."

இக்குறிப்பில் அலங்காரம் ஏதும் இல்லை. 'தோய்ச்சல்', 'மெருகு' ஆகிய இரண்டும் பட்டறையில் பிறந்த சொற்கள். காய்ச்சிய இரும்பை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து வலுவேற்றுவதே தோய்ச்சல். இச்சொற்களை எழுத்தில் ஆளுவோர் குறைந்து வருகின்றனர் என்பதே நம் கவலை. நம் மாணவர்கள் தமிழில் வாழ்த்துரை எழுதுகின்றனர், நன்றியுரை எழுதுகின்றனர். ஒரு பொருளைச் செய்யச் சொல்ல நேரும்போது ஆங்கிலத்திற்கு மாறிவிடுகின்றனர். இது தொடருமாயின், தமிழ் நமக்குப் போற்றும் மொழியாக எஞ்சும். பணி சொல்லும் மொழியாக இராது. போற்றுவதற்கு மட்டும் பயன்படும் மொழியை அடுத்த தலைமுறை விழா நாளில் மட்டுமே தேடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரைப் பணிக்குறிப்பு எழுதச் செய்யுங்கள். பகடையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மரப்பெட்டி போதும், ஒரு துணிப்பை போதும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் கையில் கொடுத்து, கேள்வி எதுவும் கேளாமல், அட்டையிலோ களிமண்ணிலோ அதனைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். செய்தவர் தயங்கும் இடமே எழுதியவர் திருத்த வேண்டிய இடம். சிவப்பு மையினால் நாம் காட்டும் பிழையைக் காட்டிலும் அத்தயக்கம் மாணவருக்கு நன்கு விளங்கும். அடுத்த முறை அவர் சொல்லைத் தேடிப் போவார்.

மாணவச் செல்வங்களே, சொல் கிடைக்காதபோது முதலில் அத்தொழில் செய்வோரிடம் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிடில், செய்முறையைப் பார்த்துப் பெயர் சூட்டுங்கள்.