அணில் காத்த மலை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் எரிமலை நிலங்கள் தேசியப் பூங்காக்களான வரலாற்றைப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சிவகாசிப் பட்டாசுச் சீமையில் எரிமலையைப் பற்றிப் பேசச் சொன்ன குறும்பை ரசித்தேன். எரிமலை வாயில் மஞ்சள் மஞ்சளாகப் படிகிற கந்தகம் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிய வைத்த சரக்கு அல்லவா? தலைப்பை ஏற்றுக்கொண்டு ஒரு சலுகை மட்டும் கேட்டேன். பேச்சை எரிமலையில் தொடங்கி, நம் மேற்கு அடிவானத்தில் நீலமாகத் தெரிகிற ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கொண்டுவந்து முடிக்க அனுமதி தந்தார்கள்.

1. இரண்டு எரிமலைகள், இரண்டு காரணங்கள்

உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் எல்லோஸ்டோன். சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்வாங்கிய பெரிய எரிமலைப் பள்ளம் அது. இன்றும் அங்கே வெந்நீர் ஊற்றுகள் பீறிட்டு எழுகின்றன. 1871-இல் ஹேடன் என்ற புவியியலாளர் தலைமையில் ஒரு குழு அங்கே போனது. குழுவோடு ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் மோரன் என்ற ஓவியரும் போனார்கள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்திராத வாஷிங்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசைக்கு அவர்களுடைய படங்கள் போய்ச் சேர்ந்தன. 1872 மார்ச் 1-ஆம் தேதி குடியரசுத் தலைவர் கிராண்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த நிலத்தைக் காப்பாற்றியது அதன் அதிசயம். அதிசயத்தை ஊருக்குக் கொண்டுவந்து காட்டியவை படங்கள்.

நியூசிலாந்தின் டோங்கரிரோவின் கதை வேறு. அங்குள்ள எரிமலைச் சிகரங்கள் மாவோரி மக்களுக்கு மூதாதையர். நிலத்தைத் துண்டு போட்டு விற்கும் காலம் வந்தபோது, சிகரங்களும் கைமாறிவிடும் என்று அஞ்சிய தலைவர் தெ ஹெயுஹெயு துகினோ, 1887-இல் அவற்றை அரசிடம் ஒப்படைத்தார். 1894-இல் அது சட்டப்படி தேசியப் பூங்காவானது. அந்த நிலத்தைக் காத்தது அதன் புனிதம்.

எல்லோஸ்டோன் கதையில் ஒரு கறை உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷொஷோனி முதலான பழங்குடிகள், பூங்கா வந்தபின் தங்கள் நிலத்துக்கே வேண்டாதவர்கள் ஆனார்கள். 1886 முதல் 1918 வரை அந்தப் பூங்காவை நிர்வகித்தது ராணுவம். காட்டைக் காப்பது என்றால் மனிதரை வெளியேற்றுவது என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதில் இதற்குப் பங்குண்டு. நம் மலைக்கு வரும்போது இதை மறக்கக் கூடாது.

2. நம் மலை எரிமலையா?

இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றுதான். அது அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. நெடுங்காலம் உறங்கி 1991-இல் மறுபடி சீறியது. அதுவும் வனவிலங்குச் சரணாலயமே.

நம் கரிசலைப் பார்த்து எரிமலைச் சாம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. மராட்டியத்துக் கரிசல், எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்தது. நம் கரிசலுக்குத் தாய்ப்பாறை அதுவல்ல. மேற்கே நிற்கும் மலையும் எரிமலை அல்ல. அதன் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கிடைக்கும் அதே இனம். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அந்தப் பெயரை இட்டார். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்தபின் வெளியே வந்த பாறை அது. தீ அதற்குள்ளும் இருந்திருக்கிறது, வெடித்து வெளியே வந்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த மலை நமக்குச் செய்த முதல் காரியம் வறட்சி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற மழையைக் கேரளத்தின் பெரியாற்றுக் காடுகளிலேயே இறக்கிவிட்டு, காய்ந்த காற்றை மட்டும் நம் பக்கம் அனுப்புகிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். விவசாயத்துக்குச் சாபமான இந்த வெயில் தீக்குச்சிக்கு வரமானது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கொல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து இங்கே தொடங்கினார்கள். குச்சி காய, பெட்டி காய, பட்டாசுத் திரி காய, மணிமருந்து காய வெயில் வேண்டும். களத்தில் காயப்போட்ட திரி ஒரு தூறலில் நனைந்தால் அன்றைய உழைப்பு போச்சு. தீப்பெட்டி ஆபீசில் மழை பெய்தால் கூலி கிடையாது என்பதைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த வட்டாரத்தின் தொழில், அந்த மலையின் நிழலில் வளர்ந்த தொழில்.

3. ஜமீன் காடு, சர்க்கார் காடு

மலை எப்போதும் அரசுடையதாக இருந்ததில்லை. சரிவுகளின் பெரும்பகுதிகள் சேத்தூர், சாப்டூர், சிவகிரி போன்ற ஜமீன்களின் கையில் இருந்தன. 1882-இல் வந்த சென்னை வனச்சட்டம், அரசுக் காடுகளுக்கு ஒதுக்குக் காடு என்ற எல்லை போட்டது. ஜமீன் காடுகள் வெளியே நின்றன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. ஒழியப்போகிற சொத்தை முந்திக்கொண்டு வெட்டி விற்றுவிடுவார்கள் என்பதால் அடுத்த ஆண்டே தனியார் வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இருந்தாலும் அந்தக் காலத்தில் காடு என்றால் மரமும் விறகும் வருமானமும்தான். விலங்குக்காகக் காடு என்ற நோக்கம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

4. ஒன்றரைக் கிலோ அணில்

விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல். அடுத்த மூன்றாண்டில், 1988 டிசம்பரில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, வரையாடு எல்லாம் உலவும் மலைக்கு ஓர் அணிலின் பெயர்!

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். முதலில் தெரிவது வால்தான். கிளையில் குந்தியிருக்கும் உடலுக்குக் கீழே, உடலளவு நீளமான நரைத்த வால் தொங்கும். பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு முன்கைகளால் புளியங்காயைத் திருப்பித் திருப்பிக் கடிக்கும். இந்தியாவின் மலை அணில்களில் இதுதான் சிறியது. எடை சுமார் ஒன்றரைக் கிலோ. தமிழகத்திலும் அண்டை மாநிலங்களின் சில ஆற்றோரக் காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது.

அது கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: மரத்துக்கு மரம் உச்சி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மருது, நாவல், மா, புளி எனக் கிளைகள் பின்னிய இடத்தில் கூடு கட்டும். ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தாவித் தப்பலாம் என்பது கணக்கு. நடுவில் நான்கு மரம் போனால் தரையில் இறங்கி ஓட வேண்டும், அங்கே நாயும் சிறுத்தையும் காத்திருக்கும். உச்சிகள் இப்படி ஒன்றோடொன்று தொடும் காடு பெரும்பாலும் ஓடைக்கரையில்தான் இருக்கிறது. ஆக, அணிலைக் காக்க வேண்டுமென்றால் ஓடைக்கரை மரங்களைக் காக்க வேண்டும், ஓடைக்கரை மரம் நின்றால் ஓடையும் நிற்கும். 1988-இல் அரசாணை போட்டவர்கள் அணிலை மனத்தில் வைத்துத்தான் போட்டார்கள். பலன் தண்ணீராக வந்தது.

5. புலி வந்த பிறகு

வடக்கே தேனிப் பக்கம் மேகமலையும் பின்னர் வனவிலங்குச் சரணாலயமானது. மேற்கே கேரளத்தின் பெரியாறு 1978 முதலே புலிகள் காப்பகம். புலிக்கு மாநில எல்லை தெரியாது. அது இந்தப் பக்கம் நடமாடுவதற்கான தடயங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 2021 பிப்ரவரியில் இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 51-ஆவது, தமிழகத்தில் ஐந்தாவது. மொத்தப் பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர்.

அறிவிப்பு வந்தபோது புலியை விட அதிகம் பேசப்பட்டது வைகை. அதன் தலைமடையான வருசநாட்டு மலைகள் இந்தக் காப்பகத்துக்குள் வருகின்றன. நம் பக்கமும் அப்படித்தான். அர்ஜுனா நதி இந்த மலையடிவாரத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றோடு கலக்கிறது. வத்திராயிருப்பு வயல்களுக்குப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள், இடையில் ஆனைக்குட்டம், வைப்பாற்றில் வெம்பக்கோட்டை என எல்லாவற்றுக்கும் தாய்மடி அங்கேதான்.

இதை விளங்கிக்கொள்ள, நாம் கூடியிருக்கும் இந்த விழாவே போதும். அறக்கட்டளை என்றால் என்ன? முதலைத் தொடக் கூடாது, வட்டியில்தான் ஆண்டுதோறும் விழா நடக்க வேண்டும். காட்டின் மையப்பகுதி முதல், ஓடையில் வருவது வட்டி. முதலில் கைவைத்த அறக்கட்டளை எத்தனை ஆண்டு சொற்பொழிவு நடத்தும் என்பதை இந்த மேடையிலிருப்பவர்கள் நன்கறிவார்கள்.

6. அடிவாரத்து மனிதர்கள்

காப்பகம் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை. வருசநாட்டு விவசாயிகளுக்கு அது வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சத்தைத் தந்தது. மா, தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு யானை புகுந்த இரவுகளைத் தருகிறது. ஒரே இரவில் சாய்ந்த தென்னைக்குப் பதில் இன்னொன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நிவாரணம் தாமதமாக வந்தால் அந்தக் கோபம் யானை மீது திரும்பும்.

செண்பகத்தோப்பு, தாணிப்பாறை போன்ற இடங்களில் வாழும் பளியர் மக்கள் தேனும் கிழங்கும் எடுத்து இந்த மலையை ஒவ்வொரு பாறையாக அறிந்தவர்கள். எங்கே ஊற்று வற்றாது, எந்த மரத்தில் அணில் கூடு கட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்கள் உரிமையை ஒப்புக்கொள்கிறது. எல்லோஸ்டோன் செய்த தவற்றை நாம் திரும்பச் செய்யத் தேவையில்லை. காவலர், வழிகாட்டி, கணக்கெடுப்பாளர் என்று வனத்துறை அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத்தான் இந்தக் காப்பகம் உறுதிப்படும்.

டோங்கரிரோவைப் போன்ற புனிதம் நமக்கும் உண்டு. அதற்குப் பெயர் சதுரகிரி, இதே மலையில் உள்ள சிவத்தலம். ஆடி அமாவாசைக்கு இலட்சக்கணக்கில் மக்கள் ஏறுகிறார்கள். 2015 மே மாதம் மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் ஏறும் நாட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. புனிதமே நிலத்தைக் காத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மலையைச் சிவன் என்று கும்பிட்ட கையே பாலித்தீன் பையையும் ஓடையில் போடுகிறது. பக்தியோடு ஒரு சிறு ஒழுங்கும் வேண்டும். கொண்டுபோனதைக் கொண்டுவருவது என்ற ஒழுங்கு.

7. சிவகாசிக்கு ஒரு வேலை

எல்லோஸ்டோனை அதிசயம் காத்தது, டோங்கரிரோவைப் புனிதம் காத்தது. நம் மலையை முதலில் அணிலும் பிறகு புலியும் காத்துக்கொடுத்தன. அதாவது வாய் பேசாத உயிர்களின் பெயரில் நமக்கான தண்ணீர் காக்கப்பட்டிருக்கிறது. இனி மனிதர்களின் முறை. சமவெளியில் இருப்பவர்கள் இதைத் தங்கள் மலை என்று சொல்லாதவரை, அரசாணையில் உள்ள எல்லைக்கோடு ஓர் அரசாணையால் மாற்றப்படக்கூடியதே.

செய்வதற்கு நிறைய இருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை சரிவுப் புல் பற்றி எரியும் காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் மாண்டதைத் தேனி இன்னும் மறக்கவில்லை. தீயின் குணம் தெரிந்த இந்த ஊர், தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணிக்கு ஆளும் பொருளும் தரலாம். கண்மாய்க்கு வரும் ஓடைவாய்க்கால்களைத் தூர்வாரலாம்.

இவற்றை விட எளிதான ஒன்றை இந்த ஊரால் மட்டுமே செய்ய முடியும். தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பங்கு இங்கே அச்சாகிறது. அந்தத் தாள்களில் பனிமலை பார்த்திருக்கிறேன், வெளிநாட்டு ஏரியும் அருவியும் பார்த்திருக்கிறேன். நாற்பது கிலோமீட்டருக்குள் நிற்கும் நம் மலையைப் பார்த்ததில்லை. மோரனின் ஓவியமும் ஜாக்சனின் படமும் ஒரு நாடாளுமன்றத்தை அசைத்தன. அச்சகம் நடத்தும் நண்பர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருகிற ஆண்டுக் காலண்டருக்கான படங்களைத் தேர்வு செய்யும்போது ஒரு மாதத்துக்குச் செண்பகத்தோப்பு ஓடையையும், இன்னொரு மாதத்துக்கு அந்த நரைவால் அணிலையும் போடுங்கள். படம் எடுத்துத் தர இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள், ஆர்டரை நீங்கள் போடுங்கள்.