கோட்டைக்கு எதிரே மாதா கோயில்

(வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்தப் படத்தைக் கைமாற்றிப் பாருங்கள். 1651-ல் லண்டனில் வெளியான, தாமஸ் ஹாப்ஸ் எழுதிய ‘லெவியாதன்’ என்ற புத்தகத்தின் முகப்பு இது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. பிரெஞ்சுக் கலைஞர் ஆப்ரகாம் போஸின் வேலை என்று கருதுகிறார்கள்.

மலைகளுக்குப் பின்னால் நிற்கும் ராட்சத அரசனை அப்புறம் பார்ப்போம். கீழே இடது ஓரத்தில் குன்றின் மேல் ஒரு சிறு கோட்டை இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அதற்கு நேர் எதிரே, வலது ஓரத்தில், மாதா கோயில்! கோட்டைக்குக் கீழே கிரீடம். எதிரே பிஷப்பின் குல்லா. கிரீடத்துக்குக் கீழே பீரங்கி. எதிரே இடி மின்னல், அதாவது அடங்காதவனைத் திருச்சபை விலக்கி வைக்கும் சாபம். அடுத்து துப்பாக்கி, ஈட்டி, முரசு, எதிரே கவைக்கோல்கள். வைக்கோல் அள்ளவா? இல்லை, வாதத்தில் ஆளை மடக்கும் தர்க்க சாஸ்திரம்! அடியில் இந்தப் பக்கம் போர்க்களம், அந்தப் பக்கம் பாதிரிமார் சபை.

இனி அரசனைப் பாருங்கள். ஒரு கையில் வாள். மறு கையில் பிஷப்பின் வளைகோல். கோட்டையும் கோயிலும் ஒரே பிடிக்குள்! அவன் மார்பும் தோளும் சதையல்ல, முந்நூறுக்கும் மேற்பட்ட ஜனங்கள். நமக்கு முதுகைக் காட்டி, அவன் முகத்தையே அண்ணாந்து நிற்கிறார்கள். தலையும் கைகளும்தான் அவனுடையவை. கீழே வயல்வெளியோ வெறிச்சோடிக் கிடக்கிறது.

அரசு தெய்வ கட்டளையல்ல, ஜனங்களின் சம்மதத்தால் உண்டானது என்றார் ஹாப்ஸ். அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சுதான், மறுக்க மாட்டோம். ஆனால் கொடுத்த சம்மதத்தை ஜனங்கள் திருப்பிக் கேட்கக் கூடாதாம்!

ஏன் அப்படிச் சொன்னார்? 1642-ல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30-ல் மன்னன் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் நிலமற்ற ஏழைகளும் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தை வெட்டிப் பயிரிட்டார்கள். மண்வெட்டிக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அங்கிருந்து விரட்டப்பட்டு, அருகிலுள்ள காபம் என்ற ஊருக்குப் போனார்கள். 1650-ல் அங்கும் அவர்கள் குடிசைகளை எரித்தார்கள். முன்னின்று எரித்தவர் யார் தெரியுமா? ஜான் பிளாட். அவர் பாதிரியார், அந்த ஊர் நிலப்பிரபுவும் அவரே!

படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே ஆளில்! படம் அச்சானது அதற்கு அடுத்த ஆண்டு.