பழைய வட்டும் புதிய கணினியும்

பழைய கணினியில் எழுதி வைத்த ஒன்றைப் புதிய கணினியில் திறக்க முயன்றவர்கள் உங்களுள் பலர் இருக்கக்கூடும். திறக்கவில்லை என்பது ஒரு துன்பம். திறந்தும் நகரவில்லை என்பது மற்றொரு துன்பம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இரண்டாவது துன்பத்தைப் பற்றியதாகும். அதன் காரணம் எங்கே இருக்கிறது, அதை எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதைச் சித்தூரிலும் திருப்பதியிலும் நாம் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியின் எல்லை எவ்வாறு மாறினும், இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே வீதியில் வழங்கி வருகின்றன. இத்தகைய வீதி ஒன்றிலுள்ள சிறிய அச்சகத்தில்தான் முதல் நிகழ்ச்சி நடந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சித்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழ் பேசும் மக்கள் வழங்கும் பாடல்களையும் பழமொழிகளையும் முப்பது ஆண்டுகள் அலைந்து தொகுத்தார். 2000ஆம் ஆண்டளவில் அத்தொகுப்பு அந்த அச்சகத்தில் அச்சாயிற்று. படிகள் தீர்ந்தன, கையெழுத்துப் பிரதியைக் கரையான் அரித்தது. எஞ்சியவை பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள் மட்டுமே. அவை விண்டோஸ் 98 இயங்குதளம் உள்ள பழைய கணினியில் உறங்கின. எண்பது வயதைக் கடந்த ஆசிரியர், "கண் இருக்கும்போதே இரண்டாம் பதிப்பைப் பார்த்துவிட வேண்டும்" என்று நம்மிடம் சொன்னார்.

அக்கோப்புகளைப் புதிய கணினியில் திறந்தால் என்ன? அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். பேஜ்மேக்கருக்கோ 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றுவிட்டது. ஆகவே பழைய சூழலை அப்படியே மீண்டும் எழுப்புவதொன்றே வழியாயிற்று.

இதற்கு உதவுவது மெய்நிகர் கணினி. ஒரு கணினிக்குள், மென்பொருளால் மற்றொரு கணினியைப் படைத்தல் என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1960களில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவாகி, 1972இல் வி.எம்/370 என்னும் பெயரால் அந்நிறுவனத்தின் வெளியீடாக வந்த முறை இது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ், கியூஎமு போன்ற மென்பொருள்கள் இதனை வீட்டுக் கணினியிலும் செய்துதருகின்றன. பழைய வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே பெருங்கோப்பாகப் படியெடுத்து, அதனையே மெய்நிகர் கணினிக்கு வட்டாகக் காட்டினோம். விண்டோஸ் 98 கண்விழித்தது.

விழித்ததேயன்றி எழுந்து நடக்கவில்லை. நூறு மெகாபைட் அளவுள்ள கோப்புகளை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் படியெடுக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தால், அதற்குள் தேநீர் அருந்தி வரலாம். அச்சக உரிமையாளர், "வட்டு தேய்ந்துவிட்டது ஐயா, பழைய சரக்குதானே" என்றார். சற்று எண்ணிப் பார்த்தால் அது பொருந்தாது. தேய்ந்த வட்டு மேசையின்மேல் தனியே கிடக்கிறது. மெய்நிகர் கணினி வட்டென்று கருதுவது, விரைவு மிக்க புதிய சேமிப்பகத்தில் இருக்கும் ஒரு கோப்பை. அப்படியானால் வேகத்தைத் தின்றது எது?

இயங்குதளத்திற்கும் வட்டுக்கும் இடையே நின்று, ஒன்றின் ஆணையை மற்றொன்றுக்கு உரைக்கும் சிறு நிரல் உண்டு. அதனை டிரைவர் என்பர். இயக்கி என்றும் சொல்வர். குற்றம் அங்கேதான் இருந்தது.

சித்தூரின் வெல்ல மண்டியை நினைத்துக்கொள்வோம். வண்டியில் வெல்லம் வந்து நிற்கிறது. கணக்கப்பிள்ளை கணக்கை மூடி வைத்துவிட்டு, தாமே ஒவ்வோர் உருண்டையாக எடுத்துக் கிடங்கில் கொண்டுபோய் வைப்பது ஒரு முறை. சுமையாட்களிடம் இடத்தைக் காட்டிவிட்டு, தம் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்து, "முடிந்தது" என்ற சொல் வந்ததும் குறித்துக்கொள்வது மற்றொரு முறை. கணினியில் முன்னதற்குப் பி.ஐ.ஓ. என்றும், பின்னதற்கு டி.எம்.ஏ. என்றும் பெயர். முன்னதில் மையச் செயலியே ஒவ்வொரு துணுக்காக எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. பின்னதில் வட்டின் கட்டுப்பாட்டகம் நேரே நினைவகத்தில் இறக்கிவிட்டு ஒரு முறை மணியடிக்கிறது.

உண்மையான கணினியில் பி.ஐ.ஓ. முறை மெதுவானதுதான், மெய்நிகர் கணினியிலோ அது பன்மடங்கு மெதுவாகிறது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வரி வந்து அகற்றப்படும்வரை எல்லைச் சாலைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் இருந்தமை நேயர்களுக்கு நினைவிருக்கும். ஒரு லாரி வெல்லத்திற்கு ஒரு முறை நின்றால் பயணம் நடக்கும். ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு முறை நிற்க நேர்ந்தால்? மெய்நிகர் கணினி தன் வட்டைத் தொடும்போதெல்லாம், அதனைத் தாங்கி நிற்கும் மென்பொருள் அதை நிறுத்தி, வேண்டியதைச் செய்துகொடுத்துப் பின்னரே மேற்செல்ல விடுகிறது. பழைய 16 பிட் வழியில் ஒரு தடவைக்கு இரண்டு பைட்டுகளே கடக்கும். ஒரு மெகாபைட் கடக்க 5,24,288 தடவை கைமாற வேண்டும். சில மென்பொருள்கள் பல துணுக்குகளைச் சேர்த்துக் கடத்திச் சுமையைக் குறைக்கின்றன. எனினும் சாவடி சாவடியே.

காரணம் விளங்கியபின் தேடும் வரிசை எளிதாகிறது. எதையும் தொடுமுன் வட்டுக் கோப்பை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றுமுன்னும் பின்னும் அதே நூறு மெகாபைட்டைப் படியெடுத்துக் காலத்தைக் குறித்தோம். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தவர், எது உதவியது என்பதை ஒருபோதும் அறியார்.

விண்டோஸ் 98இல் முதலில் பார்க்கவேண்டியது, கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் என்னும் பகுதியின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். வட்டு, எம்.எஸ்.டாஸ் ஒத்திசைவு முறையில் இயங்குவதாக அங்கே எழுதியிருந்தது. பழைய தாய்ப்பலகைக்கென்று நிறுவிய டிரைவர், தனக்குரிய பலகையைக் காணாமல் தோற்றுப்போயிற்று. விண்டோஸ் அத்தோல்வியைப் பதிவேட்டில் நோஐடிஇ என்னும் குறியாக எழுதி வைத்துவிட்டு, டாஸ் காலத்து வழிக்கே திரும்பிவிட்டது. அக்குறி அங்கே இருக்கும்வரை, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது நல்ல வழியை முயன்றே பார்க்காது. பழைய டிரைவரை நீக்கி, அக்குறியையும் அழித்து, மறுபடி தொடங்கியதும் விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரை ஏற்றது. பதினொரு நிமிடம் நான்காகக் குறைந்தது.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் வட்டின் பக்கத்தைத் திறந்தோம். அங்கே டி.எம்.ஏ. என்ற பெயருடன் ஒரு சிறு கட்டம் வெறுமையாக இருந்தது. அதில் குறியிட்டு மறுபடி தொடங்கினோம். தொடங்கியபின் அக்குறி நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கட்டுப்பாட்டகம் ஏற்காவிடில் அது தானே மறைந்துவிடும். நம்முடையது நிலைத்தது. நான்கு நிமிடம், ஒரு நிமிடத்திற்கும் குறைந்தது.

இரண்டாம் நிகழ்ச்சி திருப்பதியில் நடந்தது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றுக்குச் சொல்லடைவு ஒன்றை நண்பர் ஒருவர் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பல ஆண்டுகள் தொகுத்து, பின்னர் அக்கணினியையே மெய்நிகர் கணினியாக மாற்றிக்கொண்டார். தொடக்கத்தில் நன்றாக ஓடியது, சில திங்களில் ஆமையாயிற்று. அவர் எதையும் மாற்றவில்லை.

மாற்றியது எக்ஸ்பியே. வட்டிலிருந்து மறுமொழி காலம் தாழ்ந்தாலும் பிழைபட்டாலும் அது கணக்கு வைத்துக்கொள்கிறது. அத்தகைய பிழைகள் ஆறு சேர்ந்தால், வட்டு நலிந்துவிட்டதென்று கருதி வேகத்தை ஒரு படி இறக்குகிறது. இறங்கி இறங்கி இறுதியில் பி.ஐ.ஓ.வுக்கே வந்துவிடுகிறது. தானாக மேலே ஏறுவதில்லை. உண்மையான வட்டுக்கு இஃது அறிவுடைய காப்பு. மெய்நிகர் கணினியிலோ, தாங்கும் கணினி வேறு வேலையில் மூழ்கி மறுமொழி தாழ்ந்தாலும், அப்பழி வட்டின்மேல் விழுகிறது. மருந்து எளிது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. வழித்தடத்தை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால், எக்ஸ்பி அதனைப் புதிதாகக் கண்டறிந்து முழு வேகத்தைத் தருகிறது. நோய் மீளாதிருக்க, தாங்கும் கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருள் வட்டுக் கோப்பை ஓயாமல் துருவாதபடி அதற்கு விலக்கும் அளித்தோம்.

விரைவு வேண்டுமென்று புதுமையை அளவின்றிச் சேர்த்தலும் பிழையாகும். அதே எக்ஸ்பிக்கு ஐ.டி.இ.யை விடுத்துப் புதிய சாட்டா கட்டுப்பாட்டகத்தைக் காட்டினோம். நீலத்திரை தோன்றி நின்றுவிட்டது. அதற்குரிய டிரைவர் எக்ஸ்பியிடம் இயல்பாக இல்லை. டிரைவரை முதலில் நிறுவி, கட்டுப்பாட்டகத்தைப் பின்னரே மாற்ற வேண்டும். படியெடுத்து வைத்த கோப்பு அன்று நம்மைக் காத்தது. விண்டோஸ் 98க்கு 2006இலும் எக்ஸ்பிக்கு 2014இலும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டமையால், இவற்றை இணையத்தோடு இணைக்காதிருத்தலே நலம்.

இவ்வளவும் எதற்காக? பழைய இயங்குதளத்தில் என்றென்றும் குடியிருப்பதற்காக அன்று. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. மெய்நிகர் கணினி அந்தப் புத்தகத்தைப் போன்றது. புதிய சுவர் யூனிகோடு. ஆசிரியரின் பக்கங்களை முதலில் பி.டி.எஃப். ஆக்கிக் காத்துக்கொண்டு, பின்னர் எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் ஒப்புநோக்கினோம்.

பழைய வட்டில் சிதைந்த பகுதியில் இருந்த ஓர் அத்தியாயம் மட்டும் மீளவில்லை. ஐந்தாண்டுகளுக்குமுன் படியெடுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கலாம். அச்சிட்ட தாள்களை ஆசிரியரிடம் கொடுத்தபோது, அவர் விடுபட்ட அத்தியாயத்தைத்தான் முதலில் தேடினார். பிறகு ஒரு குறிப்பேட்டை எடுத்துவரச் சொல்லி, நினைவிலிருந்த பாடல்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாம் எழுதிக்கொண்டோம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கணினி இருக்கக்கூடும். அதன் வட்டு இன்னும் சுழலும்போதே படியெடுத்து வையுங்கள். வேகத்தைப் பின்னர்ச் சீர்செய்துகொள்ளலாம்.