'உடனே சஸ்பெண்ட் செய்' கார்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

(மாவட்ட ஐ.டி. விங் தன்னார்வலர் பயிற்சி முகாமில் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)



நான் இன்ஜினியரிங் முடிச்சவன், டாக்டர் கிடையாது. இருந்தாலும் இன்னைக்கு ஐ.சி.யூ. பத்திப் பேசப் போறேன். ஏன்னா அதுல நான் செஞ்ச ஒரு தப்பு இருக்கு.

போன வருஷம் நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு வீடியோ வந்துச்சு. ஒரு மருத்துவமனையோட ஐ.சி.யூ. வாசல். அம்மாவுக்கு மருந்து மாத்தி ஏத்திட்டாங்கன்னு ஒரு மகன் அழுது கத்துறார். எதிர்ல ஒரு நர்ஸ் தலை குனிஞ்சு நிக்கிறாங்க. அந்த மகனோட கோபம் நியாயமானது. நான் என்ன செஞ்சேன்? நர்ஸ் முகத்தைச் சிவப்பு வட்டம் போட்டு, 'உடனே சஸ்பெண்ட் செய்'னு ஒரு கார்டு போட்டேன். ஒரே ராத்திரியில ஆயிரக்கணக்கான ஷேர். எல்லாரும் பாராட்டினீங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு என் சித்தியைப் பார்த்தேன். அவங்க வேற ஊர்ல ஐ.சி.யூ. நர்ஸ். அவங்க திட்டவே இல்லை. இவ்வளவுதான் சொன்னாங்க: "நீ போட்ட கார்டை எங்க டூட்டி ரூம்ல எல்லாரும் பார்த்தோம் தம்பி. அதுக்கப்புறம் எங்க வார்டுல சின்னத் தப்பைக் கூட யாரும் ரிஜிஸ்டர்ல எழுதுறதில்லை."

அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

1995-ல் இஸ்ரேலில் ஒரு ஐ.சி.யூ. ஆய்வு வெளியானது. மருந்து கொடுப்பது, குழாய் பார்ப்பது, சளி உறிஞ்சுவது என எல்லாம் சேர்த்து ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 178 வேலைகள். அதில் தவறு சுமார் 1 சதவீதம்தான். நமக்கு 99 மார்க் வந்தா வீட்ல ஸ்வீட் கொடுப்பாங்க. ஆனா 178-ல் 1 சதவீதம்னா, ஒவ்வொரு நோயாளிக்கும் தினமும் கிட்டத்தட்ட ரெண்டு தவறு. எல்லாமே உயிருக்கு ஆபத்தானது இல்லை. சிலது ஆபத்தானது. எவ்வளவு நல்ல நர்ஸா இருந்தாலும், எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் தவறு நடக்கும். அதை அடுத்த நொடியே ஒருத்தர் வாய் திறந்து சொல்றாங்களா இல்லையா என்பதுதான் உயிரைக் காப்பாத்தும் விஷயம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற ஐ.சி.யூ. டாக்டர் 2001-ல் ஒரு தாளில் ஐந்து வரி எழுதினார். பெரிய ரத்தக்குழாய்க்குள் 'சென்ட்ரல் லைன்' போடும்போது செய்ய வேண்டியவை. சோப்பு போட்டுக் கை கழுவு. தோலைக் கிருமிநாசினியால் துடை. நோயாளி மேல முழுசா சுத்தமான துணி போர்த்து. மாஸ்க், தொப்பி, கவுன், கையுறை போடு. போட்ட இடத்தில் சுத்தமான கட்டு போடு. இதுல புதுசா எதுவுமே இல்லை. எல்லா டாக்டருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு மாசம் நர்ஸ்களைக் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு, ஏதாவது ஒரு படியை டாக்டர்கள் விட்டிருந்தார்கள். நர்ஸ்கள் இதை முன்னாடியும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. ஆனா டாக்டரை யார் கேட்கிறது?

அடுத்த மாசம் நிர்வாகம் ஒரு அதிகாரம் கொடுத்தது: டாக்டர் ஒரு படியை விட்டால், நர்ஸ் நிறுத்தலாம். நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும். பத்து நாள் லைன் தொற்று 11 சதவீதத்தில் இருந்து பூஜ்யத்துக்கு வந்தது.

பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இதைச் செய்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. 1000 லைன் நாட்களுக்கு 2.7 என்று இருந்த இடைநிலைத் தொற்று, மூன்றே மாதத்தில் பூஜ்யம். அங்கே செக்லிஸ்ட் மட்டும் கொடுக்கவில்லை. தேவையான கிருமிநாசினி வார்டுக்கு வந்து சேர வழி செய்தார்கள். மேல்மட்ட நிர்வாகி ஒருவர் ஐ.சி.யூ.வுக்கே வந்து ஊழியர்களின் குறையைக் கேட்டார். சோப்பு இல்லாத வார்டில் 'கை கழுவு'னு போஸ்டர் ஒட்டினா என்ன பிரயோஜனம்?

இதே அமெரிக்காவில் எதிர்மாதிரியும் உண்டு. 2017 டிசம்பர், டென்னசி மாநிலம். ஸ்கேனுக்கு முன் தூக்க மருந்து கொடுக்க வேண்டிய ஒரு நர்ஸ், மருந்து எடுக்கும் மெஷினில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அதே எழுத்தில் தொடங்கும் வேறு மருந்து வந்தது. தசைகளை முடக்கும் மருந்து. எச்சரிக்கைகளையும் அவர் கவனிக்கத் தவறினார். நோயாளி இறந்தார். தவறை அவரே ஒத்துக்கொண்டார். வேலை போனது, லைசென்ஸ் போனது, 2022-ல் கிரிமினல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு, மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. தவறைக் குற்றமாக்கினால், தவறை வெளியே சொல்லத் தயங்குவார்கள் என்று அந்நாட்டு நர்ஸ்கள் சங்கம் எச்சரித்தது.

எனக்கு என் சித்தி சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

நம்மில் பலர் சாப்ட்வேர் வேலையில் இருக்கோம். சர்வர் விழுந்தா கடைசியா கோடு போட்ட பையனைத் துரத்திட்டு, பக்கை அப்படியே விடுவோமா? டெஸ்டிங் எங்கே தவறுச்சு, அலாரம் ஏன் அடிக்கலைன்னு பார்ப்போம். பையனைத் துரத்தினா, அடுத்த பையன் பக்கை மறைக்கத்தான் கத்துப்பான்.

இது நம்ம மாநிலத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிரசவத்தில் தாய் இறந்தால், அந்த ஒவ்வொரு மரணத்தையும் தனியாக ஆய்வு செய்யும் முறை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கு. ஆம்புலன்ஸ் தாமதமா, ரத்தம் கிடைக்கலையா, எங்கே தவறியதுன்னு பார்ப்பாங்க. 2001-03-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 என்று இருந்த தாய் இறப்பு, 2018-20-ல் 54. அதுக்குப் பல காரணம் உண்டு. இந்த ஆய்வும் அதில் ஒன்று. இதே பழக்கம் ஒவ்வொரு ஐ.சி.யூ.வுக்கும் வரணும்.

தப்பா புரிஞ்சுக்காதீங்க. குடிச்சிட்டு டூட்டிக்கு வந்தவர், லஞ்சம் கேட்டவர், கேஸ் ஷீட்டைத் திருத்தி உண்மையை மறைத்தவர், இவங்களை விடவே கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உண்மையும் நிவாரணமும் கிடைக்கணும். ஆனா மூணு வென்டிலேட்டர் நோயாளியை ஒரே ஆளா, தொகுப்பூதியத்தில், ராத்திரி ஷிப்டில் பார்த்த நர்ஸுக்கு 17(பி) மெமோ கொடுத்தா, அந்த வார்டில் ஆள் பற்றாக்குறை தீருமா? கேள்வி கேட்க வேண்டிய ஆளை விட்டுட்டு, கையில் கிடைச்ச ஆளை அடிக்கிறோம்.

அதனால நமக்கு நாமே மூணு விதி வெச்சுக்கலாம்.

1. நர்ஸ், டாக்டர் முகம் தெரியும் எந்த வீடியோவையும், விசாரணை முடியும் முன் நம்ம பக்கத்தில் போட மாட்டோம்.

2. 'யார் செஞ்சது' என்பதோட நிறுத்த மாட்டோம். அன்னைக்கு அந்த ஷிப்டில் எத்தனை நர்ஸ், எத்தனை படுக்கை? கையுறையும் கிருமிநாசினியும் இருந்துச்சா? இதே தவறு முன்னாடி நடந்திருக்கா? சொன்னவர் பேச்சை யாராவது கேட்டாங்களா? இதைக் கேட்போம்.

3. ஆட்சியில் யார் இருந்தாலும் இதே கேள்விதான். நாம இருந்தாலும்.

அந்த நர்ஸ் இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. கார்டை அழிச்சிட்டேன். ஆனா ஷேர் ஆனதை என்னால திரும்ப வாங்க முடியாது. அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி இதைச் சொன்னேன்.

நாளைக்கு நம்ம அம்மாவோ அப்பாவோ ஐ.சி.யூ.வில் படுத்திருக்கலாம். அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு, "டாக்டர், ஒரு நிமிஷம், இது தப்பான மருந்து"ன்னு சொல்லத் துணிச்சல் உள்ள ஒரு நர்ஸ் பக்கத்தில் இருக்கணும். அந்தத் துணிச்சலைக் கொல்ற கார்டை நாம போட வேண்டாம்.

படிச்சவங்க, உங்க பகுதி நிர்வாகிகளுக்கும் பகிருங்க.

#நோயாளி_பாதுகாப்பு #செவிலியருக்குத்_துணை_நிற்போம்