கர்னல் பென்னி குயிக்: ஓர் இல்லறத்தாரின் நினைவு

(தைப் பொங்கலையொட்டி அவனியாபுரத்தில், சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தை முதல் நாளில் அவனியாபுரத்துக்கு வருகிறவர்கள் காளைகளைப் பார்க்கத்தான் வருவார்கள். பேச்சுக் கேட்க யாரும் வருவதில்லை. காலை முதல் வாடிவாசலில் நின்று களைத்த பின்பும் இத்தனை பேர் இங்கே அமர்ந்திருப்பது பெரிய காரியம். ஆகையால், பொங்கலோடு ஒட்டிய ஒருவரைப் பற்றி மாத்திரம் பேச விரும்புகிறேன். கர்னல் ஜான் பென்னி குயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பிறந்தவர். தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் அவருடைய படத்தை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் அந்தப் பக்கத்தில் உண்டு.

அவரைத் தெய்வமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். இன்று அவரை ஒரு மனிதராக, ஒரு குடும்பஸ்தராக, பட்டாளத்தில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவராக நினைத்துப் பார்ப்போம். முன்வரிசையில் முன்னாள் இராணுவத்தினர் சிலரைக் காண்கிறேன். நான் சொல்லப் போவது என்னைவிட அவர்களுக்கு நன்றாக விளங்கும்.

அவருடைய தந்தையார் பிரிகேடியர் பதவியிலிருந்தவர். சீக்கியப் படையோடு நடந்த சில்லியன்வாலாப் போரில், 1849 ஜனவரி 13-ஆம் தேதி, அவர் மாண்டார். அதே களத்தில் மூத்த மகன்களில் ஒருவரான அலெக்சாண்டரும் மாண்டார். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டே நாள் இருந்தது. பிறந்த நாள் வரும்போதெல்லாம் அந்த வீட்டில் எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதைப் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளை பட்டாளத்துக்கே போனார். 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாகி, 1860-இல் இந்தியாவுக்கு வந்தார். 1868-இல் அபிசீனியப் போருக்கும் போய் வந்தார். அதன் பிறகு அவர் செய்த வேலை பெரும்பாலும் பொதுப்பணித் துறையில்தான். துப்பாக்கியைவிட அளவுச் சங்கிலியே அவர் கையில் அதிக நாள் இருந்திருக்கும்.

1879-இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்ற பெண்மணியை மணந்தார். ஐந்து பெண்கள், ஓர் ஆண். ஐந்து பெண்களைப் பெற்றவர் என்று நம் ஊரில் சொன்னாலே போதும், பாதிக் கதை விளங்கிவிடும்! கடைசியில் பிறந்த மகன், தகப்பனார் பெயரையே தாங்கியவர், பிற்காலத்தில் இங்கிலாந்தில் புகழ் பெற்ற நீதிபதியானார்.

இனி அணைக்கு வருகிறேன். மேற்கே மழையாகக் கொட்டி அரபிக் கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்ற எண்ணம் பென்னி குயிக்குடையது அன்று. இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை நினைத்தவர். 1808-இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல், ஆகாத காரியம் என்று எழுதி வைத்தார். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சம் நம் சீமையைச் சூறையாடிய பிறகே சர்க்காருக்கு அவசரம் புரிந்தது. 1882-இல் பென்னி குயிக் திட்டத்தைத் திருத்தி வகுத்தார். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கியது.

வேலை நடந்த இடம் யானைக் காடு. பண்டங்களை மலையேற்றுவதற்கு மாட்டு வண்டியையும் கம்பிவடப் பாதையையும் நம்பியிருந்தார்கள். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் ஒரு முறையன்று, பல முறை அடித்துக்கொண்டு போயிற்று. காய்ச்சல் கூலியாட்களைக் கூட்டம் கூட்டமாக விரட்டியது. சென்னைப் பயனீர் பட்டாளத்தின் சிப்பாய்கள் வந்து தண்ணீரில் நின்று வேலை செய்தார்கள். 1933-இல் கலைக்கப்பட்ட அந்தப் பட்டாளத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையில் கல்லை அடுக்கி, 1,200 அடி நீளமும் ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரமுமாக அணை எழுந்தது. ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து, தண்ணீரை வைரவனாற்றில் விட்டு, அங்கிருந்து சுருளியாற்றுக்கும் வைகைக்கும் கொண்டுவந்தார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

மனைவியின் நகையையும் சீமையிலிருந்த சொத்தையும் விற்று அவர் அணையை முடித்தார் என்று சொல்லாத மேடை இல்லை. கேட்பதற்கு நெஞ்சு உருகும். ஆனால், நண்பர்களே, பெரியாற்று அணை சென்னை சர்க்காரின் பொதுப் பணத்தில் கட்டிய அணை. அந்தப் பணத்தில் நம் பாட்டன்மார் கட்டிய கிஸ்தியும் சேர்ந்தது. நகைக் கதையைச் சொல்லச் சொல்ல, அணையை யாரோ தானமாகக் கொடுத்தது போல் ஆகிவிடுகிறது. மலையில் காய்ச்சலில் மடிந்த கூலிகளும் கண்ணுக்கு மறைந்து போகிறார்கள். அணைக்கு அருகே இருக்கும் கல்லறைகளில் பெயர் பொறித்தவை சில. பெயரில்லாமல் காட்டில் புதைந்தவர்களோ அநேகர். கர்னலுடைய பெருமைக்குக் கதை வேண்டாம். வெள்ளம் கொண்டுபோன இடத்தில் மறுபடியும் போய் நின்று கல்லை வைத்தார் என்பதே போதும். அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதைச் சொன்னதற்காகக் கம்பம் பக்கத்து நண்பர்கள் என்னைக் கோபித்துக்கொண்டதும் உண்டு!

1896-இல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். சீமையில் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்தார். பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைப் பற்றி யோசனை சொல்ல ஆஸ்திரேலியாவுக்கும் போனார். பிறகு கேம்பர்லி என்ற சிற்றூரில் மனைவி மக்களோடு வாழ்ந்து, 1911 மார்ச் 9-ஆம் தேதி காலமானார். பக்கத்திலுள்ள பிரிம்லி மாதாகோவில் தோட்டத்தில் அடக்கம். அந்த ஊரார்க்கு அவர் ஓய்வு பெற்ற ஒரு கர்னல், அவ்வளவே. கூடலூர் அருகே லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15-இல் நம் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 2022 செப்டம்பரில் கேம்பர்லியிலேயே சிலை வைத்தது.

சிலைகளைப் பற்றி இவ்வளவு போதும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. மதுரை நகரம் வைகையில் குடிக்கும் தண்ணீரிலும் பெரியாறு கலந்திருக்கிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணையில் ஓரடி கூடினால் ஆரவாரம் செய்கிறோம்; ஊர்க் கண்மாயில் ஓரடி வண்டல் ஏறினால் யாரும் கேட்பதில்லை. வரத்துக்கால்வாயில் குப்பையைக் கொட்டுகிறவரும் நம்மவர்தாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுப்பவரும் நம்மவர்தாம். மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட அவனியாபுரத்துக்கும் இது பொருந்தும். சுற்றியுள்ள கிராமங்களுக்கும் பொருந்தும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அதற்குள் ஒரு நாள் காலையில் உங்கள் கண்மாய்க்கரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பாருங்கள். எத்தனை மடை, எது ஒழுகுகிறது, எது அடைந்து கிடக்கிறது, வரத்துக்கால்வாய் எந்த இடத்தில் குறுகியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து சபையில் படியுங்கள். முன்னாள் இராணுவத்தினரையும் கூட அழைத்துப் போங்கள். அளவெடுப்பதற்கும், அளந்ததைச் சொன்னபடி எழுதி வைப்பதற்கும் அவர்கள் பழகியவர்கள். சங்கிலி வேண்டுமானால் என் வீட்டில் ஒன்று இருக்கிறது, தருகிறேன்.