எக்ஸ்ரேயில் நிழல் விழாத பிளாஸ்மா

இந்த எபிசோடை நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து பேசுறேன். 1962ல் ஓட ஆரம்பிச்ச இங்கத்த முதல் அனல்மின் நிலையத்தை 2020ல் மூடிட்டாங்க. பழுப்பு நிலக்கரிக்கு அடுத்து என்னங்கிறது இந்த ஊருக்கு நிஜமான கேள்வி. அணுக்கரு இணைவு, அதாவது ஃப்யூஷன், ஒரு பதில். ரொம்பத் தூரத்துப் பதில்.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தாங்க. ஆனா அந்த லேசரை ஓட்டவே சுமார் 300 மெகாஜூல் கரண்ட் செலவு. நெய்வேலிக்காரங்க முதல்ல இதைத்தான் கேட்பாங்க! கணக்கு மாறணும்னா, ஹைட்ரஜன் எரிபொருள் எவ்வளவு அடர்த்தியா நசுங்குது, மேல் ஓடு உள்ளே கலந்துடுதா என்று தெரியணும். கலந்தால் சூடு இறங்கி, எரியறது பாதியில் அணைஞ்சுடும்.

அதை எப்படிப் பார்ப்பது? அந்த அடர்த்தியில் சாதாரண ஒளி உள்ளே நுழையாது. எக்ஸ்ரே நுழையும், ஆனா ஹைட்ரஜன் அதை உறிஞ்சறதே இல்லைன்னு சொல்லலாம். எலும்பு மாதிரி நிழல் விழாது.

மே மாச மத்தியானம் தார் ரோட்டைப் பாருங்க. சூடான காத்து தெரியாது. அதுக்குப் பின்னாடி இருக்கிற மரம் நெளியறது தெரியும். அடர்த்தி மாறுற இடத்தில் ஒளி வளையுது. பிளாஸ்மாவிலும் இதேதான், ஆனா தலைகீழா. காற்றில் ஒளி அடர்த்தியான பக்கம் சாயும். பிளாஸ்மாவில், கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்களால், எக்ஸ்ரே அடர்த்தியை விட்டு விலகும்.

அந்த விலகல் ரொம்பச் சின்னது. ஒரு கிலோமீட்டர் போனால் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதனால ஆஸ்பத்திரியில் மாதிரி ஃபிலிமை ஒட்டி வைக்காம, டிடெக்டரைத் தள்ளி வைக்கிறாங்க. எக்ஸ்ரே வர்ற இடமும் புள்ளி மாதிரி சின்னதா இருக்கணும். அப்போ பிளாஸ்மாவின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடும் விழும். விளிம்பு கூர்மையா இருந்தால் கோடு பளிச். ஓடு கலந்திருந்தால் மங்கல்.

சிக்கல் என்னன்னா, படம் காட்டுறது அடர்த்தி எங்கே, எவ்வளவு வேகமா மாறுதுன்னுதான். அதைக் கூட்டித்தான் அடர்த்திக்கு வரணும். ஓரத்தில் வர்ற சின்னப் பிழைகூட நடுவரைக்கும் சேர்ந்துகிட்டே போகும்.

இந்தூரில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானின் இமேஜிங் பீம்லைனிலும் இந்த முறையில் படம் எடுக்கிறாங்க. அங்கே அசையாத பொருள்கள், நேரம் எடுத்துக்கலாம். ஃப்யூஷன் எரிபொருள் நசுங்கி நிற்கிறதோ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எக்ஸ்ரே அதைவிடச் சீக்கிரம் மின்னி அணையணும்.