ஞாயிற்றுக்கிழமைப் பசியாறல்



வாரம் முழுவதும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். அந்த ஓய்வு நாட்களில் மாதத்துக்கு ஒன்றைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று பேச வந்திருக்கிறேன். அன்று காலை வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்று அங்கே பசியாறுங்கள். பிறகு அங்குள்ள சின்னக் கடைகளை நடந்தே சுற்றிப் பாருங்கள்.

"பசியாறப் பட்டணத்துக்கா? காசுக்குப் பிடித்த கேடு!" என்று ஒரு தாயார் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அது வீண் செலவா, பிள்ளைக்குக் கொடுக்கும் பாடமா என்பதை என் பேச்சைக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் நாட்டின் பசியாறும் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவை அந்தச் சிறப்பைப் பெற்றன. தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் சம்பாலும் மலாய்க்காரர் கைப்பக்குவம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நம் தமிழ் முஸ்லிம் கடைகளில் பெயர் பெற்றவை. கோப்பிக் கடை சீனர் நடத்துவது. பல இனத்தார் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் அமர்ந்து ஒரே வேளையில் பசியாறுகிறார்களே, அந்த ஒற்றுமைக்குக் கிடைத்த மதிப்பு அது.

செபராங் பிறையில் இருப்பவர்களுக்குப் பினாங்கு அருகிலேயே இருக்கிறது. பட்டர்வொர்த்தில் பெர்ரிப் படகு ஏறினால் சற்று நேரத்தில் ஜார்ஜ் டவுன். துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லெபோ பாசார் இருக்கிறது. நம் முன்னோர்கள் அதற்கு இட்ட பெயர் கடைத்தெரு. காலை வேளையில் அங்கே தோசைக்கல்லின் ஓசையும் பூக்கடையின் மணமும் ஒன்றாய் வரும்.

பினாங்கில் நாசி கண்டார் என்று ஒரு சாப்பாடு உண்டு. கண்டார் என்றால் மலாயில் தோளில் தடி வைத்துச் சுமப்பது. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி போலத் தோளில் தடியை வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்று வந்தார்கள். உழைப்பாளிக்காக உழைப்பாளி சுமந்து வந்த சோறு அது. இதைச் சாப்பிடும்போதே பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பசியாறியபின் நடங்கள். லெபோ குவீனில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைக் காணலாம். அருகிலேயே 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதே சாலையில் சீனரின் குவான் இன் கோயில். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் உலக மரபுரிமை நகரங்கள் ஆனதற்கு இந்த அண்டை வீட்டு உறவும் ஒரு காரணம்.

கடைப் பலகைகளைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். 'கெடாய்' என்ற மலாய்ச் சொல் நம் 'கடை'யிலிருந்து வந்தது. 'காரி' நம் கறி. 'ஆப்பம்' நம் அப்பம். நம் மொழியும் இந்த நாட்டின் மொழியில் கலந்திருக்கிறது என்று அறியும் பிள்ளைக்குப் பட்டணம் அந்நிய ஊராகத் தோன்றாது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கடைக்குள் நுழைந்ததும் காசையும் பேச்சையும் பிள்ளையிடம் ஒப்படைத்து விடுங்கள்.

என்னிடம் ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி படித்தாள். பெருக்கல் வாய்பாட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கடைக்காரர் "நாக் ஆப்பா?" என்று கேட்டதும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். மலாய்ப் பாடத்தில் நல்ல புள்ளிகள் வாங்குபவள்தான். கேள்வி புத்தகத்தில் இருந்தால் பதில் வரும். எதிரில் நிற்கும் மனிதரிடமிருந்து வந்தால் நா எழாது. மூன்றாம் முறை போனபோது, உடன் வந்த பாட்டிக்குச் சீனி வியாதி என்பதால், "தே சத்து, குராங் மானிஸ்" என்று அவளே கேட்டு வாங்கிக் கொடுத்தாள். பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கணக்கும் அங்கேயே நடக்கும். ஒரு ரொட்டி 1 வெள்ளி 80 காசு, ஒரு தேநீர் 2 வெள்ளி 20 காசு என்று வைத்துக்கொள்வோம். நான்கு ரொட்டியும் இரண்டு தேநீரும் எவ்வளவு? 11 வெள்ளி 60 காசு. 20 வெள்ளி கொடுத்தால் மீதி 8 வெள்ளி 40 காசு. மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு எழச் சொல்லுங்கள். மளிகைக் கடையில் ரசீது 7 வெள்ளி 43 காசு என்றால் 7 வெள்ளி 45 காசு கேட்பார்கள். 7 வெள்ளி 42 காசு என்றால் 7 வெள்ளி 40 காசு போதும். ரொக்கத்தை ஐந்து காசுக்குச் சரிசெய்யும் இந்த முறை 2008 ஏப்ரலில் வந்தது. ஒரே மிளகாய்த் தூளுக்கு இரண்டு கடைகளில் என்ன விலை என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது அவமானம் இல்லை என்பதையும் பிள்ளை கற்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் பெரியவர்கள் பலர் தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகத்தில் வாங்கினார்கள். விலை கேட்டதில்லை, கணக்குப் பார்த்ததில்லை. சம்பளத்தன்று கடைக்காரர் சொன்னதே கணக்கு. இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. நம் பிள்ளைகள் வேலைக்குப் பட்டணத்துக்குத்தான் போகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது. அது தனக்குச் சரியாக வருகிறதா, எதற்காகப் பிடித்தம் செய்தார்கள் என்று நாளை முதலாளியிடம் கேட்க வேண்டியவர் யார்? இன்று தோசைக் கடையில் விலை கேட்கப் பழகும் பிள்ளைதான்.

ஆகவே பெற்றோர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். எவ்வளவு செலவழிப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை திக்கும்போது குறுக்கே பேசாதீர்கள், கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். வீடு திரும்பியதும் கண்டதையும் செலவையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, பாட்டி தாத்தாவுக்கு வாசித்துக் காட்டச் செய்யுங்கள்.

பினாங்கு தொலைவென்றால் பேராக்கில் ஈப்போ உண்டு. சிலாங்கூரில் கிள்ளான் உண்டு. அதுவும் இயலாவிட்டால் பக்கத்துச் சிறு பட்டணத்து ஒட்டுக்கடையே போதும். அடுத்த சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.